ஏரியை நடந்து கடந்த வேம்பன்

ஏரிகளை நம்பியே ஊர்கள் வாழ்ந்த முன்னொரு காலத்தில், அற்புதங்களைக் கேட்பதில் அடங்காத ஆசை கொண்ட அரசர் ஒருவர் இருந்தார். வடக்கே ஒரு யோகி தண்ணீர்மேல் நடக்கிறாராம் என்று யாரோ சொல்லக் கேட்டதிலிருந்து, தம் சபையில் அப்படி ஒருவர் இல்லையே என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தார்.

மந்திரி அனந்தபாலருக்கு அது நல்ல வாய்ப்பாகப் போயிற்று. அரசரைச் சிரிக்க வைத்தே அவர் மனத்தில் இடம்பிடித்துவிட்ட விகடன் வேம்பனை மந்திரிக்குக் கண்டாலே ஆகாது. வேம்பன் நினைத்தால் நம் பெரிய ஏரியையே நடந்து கடப்பான் என்று அரசரைத் தூண்டிவிட்டார். அரசரும் மகிழ்ந்துபோய், படகு கூடாது, மிதவை கூடாது, நீந்தவும் கூடாது, பௌர்ணமியன்று காலையில் நடந்தே கடக்க வேண்டும், தவறினால் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று ஆணையிட்டார்.

வேம்பனுக்கு நீச்சல் தெரியாது. ஏரிக்கரைக்குப் போனான். அங்கே வலை உதறிக்கொண்டிருந்த மீனவப் பெண் பொன்னாச்சியிடம், ஆழம் குறைந்த இடம் ஏதாவது உண்டா என்று கேட்டான்.

"ஆழமா? எங்க மாமனார் காலத்துல ஆனை முங்கும்யா. இப்ப எங்க கோலை ஊனுனாலும் சேறுதான். அங்கங்க ஓடமே தட்டி நிக்குது" என்றாள் அவள்.

மேற்கு மலையில் மரங்களை வெட்டியதிலிருந்து மழை அங்கே மண்ணில் ஊறுவதில்லை. மொட்டைச் சரிவில் பாய்ந்து, மண்ணையும் அரித்துக்கொண்டு ஏரிக்கு வந்துவிடுகிறது என்று வருத்தத்தோடு சொன்னாள். வேம்பனுக்குப் பயம் தீர்ந்தது. ஆனாலும் வீடு திரும்பும்போது மனம் கனத்தது. ஊர் வயல் முழுவதும் அந்த ஏரியைத்தான் நம்பியிருந்தது.

பௌர்ணமியன்று ஏரி கரை தொட்டு நிறைந்திருந்தது. அக்கரையில் அரசர் சபையோடு காத்திருந்தார். வேம்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். முழங்கால், தொடை, நடு ஏரியில் இடுப்பு. அதற்குமேல் தண்ணீர் ஏறவில்லை. நிதானமாக நடந்து அக்கரை ஏறினான். ஜனங்கள் ஆரவாரம் செய்தார்கள். அரசர் மட்டும் சிரிக்கவில்லை.

"வேம்பா, இந்த ஏரியின் ஆழம் எங்கே போயிற்று?"

"மலை இறங்கி வந்து அதை எடுத்துக்கொண்டது, அரசே. தங்கள் புது மாளிகைக்குச் செங்கல் சுட மலை மரங்களை வெட்டித் தந்தவர் மந்திரியார். வெட்டச் சொன்னவர் யாரென்று சொல்ல எனக்குத் துணிவில்லை."

அரசர் மொட்டையாய் நின்ற மேற்கு மலையை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, தவறு தம்முடையதே என்று ஒப்புக்கொண்டு, என்ன பரிசு வேண்டும் என்று கேட்டார். வேம்பன் அந்த மொட்டை மலையைக் கேட்டான். கூடவே, இரண்டு வருடத்துக்கு மந்திரியையும் கேட்டான்.

"மந்திரி எதற்கு?"

"சரிவின் குறுக்கே கல்வரப்புகள் போட்டு, ஓடி வரும் தண்ணீரின் காலை வாரிவிட வேண்டும், அரசே. காலை வாருவதில் மந்திரியாரை மிஞ்ச ஆளில்லை."

அரசர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். மலையையும் கொடுத்தார், மந்திரியையும் கொடுத்தார்.

அனந்தபாலர் முனகிக்கொண்டே கல் அடுக்கினார். வரப்புகளை ஒட்டி வெட்டிவேரும் மூங்கிலும் வேர் பிடித்தன. கோடையில் ஊரார் ஏரி வண்டலை அள்ளி வயலில் போட்டார்கள். இரண்டாம் வருட மழையில் மலை ஓடை சேறு கலக்காமல், அவசரமில்லாமல் இறங்கி வந்தது. குனிந்து பார்த்த அனந்தபாலருக்கு அடியில் கிடந்த கூழாங்கல் தெரிந்தது. அருகில் நின்ற வேம்பனை அழைத்து, அதை அவரே காட்டினார்.