நத்தைமேட்டுக்காரர்கள் நோவா வெள்ளத்தைத் தடுத்த கதை

நத்தைமேட்டில் அறிவுக்குப் பஞ்சமே இல்லை என்று அந்த ஊர்க்காரர்களே சொல்வார்கள். பஞ்சம் தண்ணீருக்குத்தான். நிறைமாசக்காரியான சவேரியாயிகூட தினம் மூன்று மைல் நடந்து குடம் சுமந்தாள். அதைப் பொறுக்காமல் அவள் புருஷன் இன்னாசி ஊரைக் கூட்டி, கோயில் பக்கத்தில் கிணறு வெட்ட இறங்கினான்.

நிலத்தைச் சோதித்த அதிகாரி, "நாற்பதடியில தண்ணி நிச்சயம். நடுவுல நிறுத்திடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து இன்னாசி ஒரு கையால் கூழ் குடித்துக்கொண்டே மறு கையால் வெட்டினான்.

இருபதடியில் கடப்பாரை எதிலோ இடித்தது. எடுத்துப் பார்த்தால் ஆட்டுக்கொம்பு மாதிரி சுருண்ட கல்சங்கு. ஊர் உபதேசியார் மதலைமுத்து அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"கடல் இல்லாத ஊர்ல சங்கு ஏது? நோவா காலத்து வெள்ளம்தான் கொண்டாந்து போட்டிருக்கு."

கிணற்றுச் சுவரில் மண் வரி வரியாக இருந்தது. வேதப்படி நோவா காலத்து மழை நாற்பது நாள், ஒரு வரி ஒரு நாள் மழை என்று அவர் தீர்ப்புச் சொன்னார். இன்னாசி எண்ணினான். முப்பத்தேழுதான் வந்தது. கூட்டம் வாடிப்போயிற்று.

"மூணு நாள் வெறும் தூறல்" என்றார் மதலைமுத்து. "தூறலுக்கு வண்டல் படியாது."

மறுபடி எண்ணியபோது நாற்பத்துநாலு வந்தது. "கடைசி நாலும் மரத்துலேருந்து சொட்டுனது" என்றார். எத்தனை வந்தாலும் நாற்பது ஆக்கிவிடும் மனுஷன் கிடைப்பதற்கு ஊர் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

முப்பத்தெட்டாவது அடியில் மண் ஈரமாக வந்தது. சவேரியாயி அதைக் கையில் அள்ளிப் பார்த்து அழுதேவிட்டாள். மதலைமுத்துவுக்கு முகம் வெளுத்தது.

"எல்லாரும் மேல ஏறுங்க. நோவா காலத்துல மழை மட்டுமா பெஞ்சது? பூமிக்கு அடியில இருந்த ஊத்தும் திறந்துச்சு. நாற்பது நாள், நாற்பதடி. கணக்கு சரியா இருக்கு பாத்தீங்களா?"

"ஆண்டவர்தான் இனிமே வெள்ளத்தால அழிக்க மாட்டேன்னு வாக்குக் கொடுத்துட்டாரே, ஐயா" என்றாள் சவேரியாயி.

"அவர் அழிக்க மாட்டார், தாயி. நாமளே தோண்டி விட்டுக்கிட்டா அவர் என்ன செய்வார்?"

கிணற்றுக்குள் இருந்தவர்கள் அவசரமாக மேலே ஏறினார்கள். இன்னாசிக்கு மட்டும் மனசு கேட்கவில்லை.

"நடுவுல நிறுத்தக் கூடாதுன்னாரே அதிகாரி?"

"யாரு நிறுத்தச் சொன்னா? இதுவரைக்கும் கீழ் நோக்கி வேலை செஞ்சோம், இனி மேல் நோக்கிச் செய்வோம்."

மூன்றே நாளில் கிணற்றை மூடிவிட்டார்கள். மேலே கல் அடுக்கி, நன்றி ஜெபமும் சொன்னார்கள். சவேரியாயி குடத்தை எடுத்துக்கொண்டு நடந்தாள். பிரசவத்துக்கு முந்தின நாள் வரை நடந்தாள், பாவம்.

பிள்ளை பிறந்து முப்பதாம் நாள் பங்குச் சாமியார் ஞானஸ்நானம் கொடுக்க வந்தார். தொட்டியைப் பார்த்தார், காய்ந்து கிடந்தது. பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு, "கொஞ்சம் தண்ணி கொண்டாங்க" என்றார்.

மதலைமுத்து சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அவர் காதோடு குனிந்தார்.

"பயப்படாதீங்க, சாமி. ஊர் முழுக்கத் தேடிப் பாருங்க, ஒரு சொட்டுகூட விட்டுவைக்கல."