யார் பக்கத்தில் உட்காருவது?

மருதங்கோட்டையை ஆண்ட மாறவேல் ராஜாவுக்கு எதிரியின் வாளைக் கண்டு பயம் கிடையாது. மதம் பிடித்த யானையைக் கண்டும் பயம் கிடையாது. ராத்திரிச் சாப்பாட்டின்போது ராணியார் கேட்கிற கேள்விகளுக்குத்தான் பயம். இது ஊருக்கே தெரியும். சபை விகடன் தாண்டவனுக்குக் கொஞ்சம் அதிகமாகவே தெரியும்.

அன்று சாயங்காலம் அரண்மனைப் பள்ளிக்கூடத்தில் பரிசளிப்பு விழா. பந்தல், தோரணம், பானகம் என்று ஒரே அமர்க்களம். வரவேற்புரை சொல்ல ஒருவர் எழுந்தார். அவர் உட்காருவதற்குள் முன்வரிசைக் குழந்தைகளில் பாதிப் பேர் தூங்கிப் போனார்கள். ராஜாவும் லேசாகக் கண்ணயர்ந்தார். கிரீடம் சரியாமல் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டது தாண்டவன்தான்.

முதல் பரிசு என்பது லேசுப்பட்டதில்லை. வெள்ளி எழுத்தாணி ஒன்று, அதோடு கடற்கரைப் பட்டணத்தில் அரண்மனைச் செலவிலேயே வைத்தியப் படிப்பு. அது பரிசல்காரர் முத்தையன் மகள் வடிவுக்குத்தான் என்று தாண்டவன் நிச்சயமாக நம்பியிருந்தான். தினமும் அவர் பரிசலில் ஆற்றைக் கடந்து வருகிறவனாயிற்றே. துடுப்புச் சத்தத்துக்கு நடுவில் அந்தப் பெண் பாடம் ஒப்பிப்பதைக் கேட்டுக் கேட்டு, பாதி மூலிகைகளின் பெயர் அவனுக்கே மனப்பாடம். பரிசு கிடைத்தால் அவள் வைத்தியச்சி. கிடைக்காவிட்டால் படிப்பு இன்றோடு சரி.

வாத்தியார் எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

“முதல் பரிசு... திவான் மகன் ரத்தினசபாபதி.”

பந்தலில் ஒருவரும் கை தட்டவில்லை. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வாத்தியார் தரையைப் பார்த்தார். கடைசி வரிசையில் வடிவு தலையைக் குனிந்துகொண்டாள். அவள் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பத் தயாரானார்.

ராஜாவுக்கும் தூக்கம் கலைந்துவிட்டது. “வாத்தியாரே, பையனை ஒன்றிரண்டு கேள்வி கேட்டுப் பார்க்கலாமா?” என்றார்.

திவான் சட்டென்று எழுந்தார். அவர் ராணியாரின் தம்பி. “ஒரு கேள்வி கேட்டாலும் அது வாத்தியாரை நம்பாத மாதிரி, மாமா. அவர் மனசு என்ன பாடுபடும்?” என்றார். வாத்தியார் மனசு பட்ட பாட்டை வாத்தியார் முகத்திலேயே பார்க்க முடிந்தது.

ராஜா தாண்டவனைப் பக்கத்தில் கூப்பிட்டுக் காதோடு காதாகச் சொன்னார்.

“இதில் ஏதோ கோளாறு இருக்குடா.”

“இருக்கு மகாராஜா.”

“உண்மை வெளியே வரணும். ஆனால் ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது. வாத்தியார் வேலைக்கு ஆபத்து வரக் கூடாது. மச்சான் மேல நாம குற்றம் சொல்லக் கூடாது. நான் ராத்திரி வீட்டில்தான் சாப்பிட்டாகணும்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“நான்கூட ஏதோ கஷ்டமான காரியம் என்று நினைத்தேன்” என்று சொல்லிவிட்டு, தாண்டவன் மேடையின் முன்னால் போய் நின்றான்.

“பிள்ளைகளே, மகாராஜாவுக்கு இன்றைக்கு மனசு குளிர்ந்திருக்கிறது. இப்போதே இங்கேயே சின்னதாக ஒரு பரீட்சை. நன்றாக எழுதுகிற எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு பெட்டி அதிரசம். தரையில் யார் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். நான் கை தட்டினதும் இடம் பிடியுங்கள்.”

திவான் வாயைத் திறந்தார். “கேள்வி கேட்டேனென்றால் நிறுத்துங்கள், எஜமான்” என்று தாண்டவன் கும்பிட்டான். திவான் மறுபடி உட்கார்ந்தார்.

முண்டியடிக்க மனசில்லாத வடிவு, கை தட்டுவதற்கு முன்பே சத்தமில்லாமல் போய் ஒரு பந்தல்கால் ஓரமாக உட்கார்ந்தாள்.

தாண்டவன் கை தட்டினான். அவ்வளவுதான், பந்தல் ரெண்டுபட்டது. தூங்கின குழந்தைகூட எழுந்து ஓடியது. அத்தனை பேரும் அந்தப் பந்தல்காலை நோக்கித்தான். முன்னால் இருவர், பின்னால் மூவர், மடியில் ஏறாத குறை. அவ்வளவு பெரிய பந்தலில் மற்ற இடமெல்லாம் காலி.

எல்லாரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி ஓடினான் ரத்தினசபாபதி. வடிவின் வலது பக்கத்தில் அதற்குள் ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். அவன் காதைப் பிடித்துத் திருகி இழுத்துத் தள்ளினான்.

“எழுந்திருடா. இது என் இடம். வருஷம் பூரா நான்தானே இவள் வலது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து எழுதினேன்?”

திவான் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“பரீட்சை முடிந்தது மகாராஜா” என்றான் தாண்டவன்.

“நீ கேள்வியே கேட்கலையே?”

“நான் கேட்கலை. எல்லாரும் ஒரே பதிலைச் சொல்லிவிட்டார்கள். திவான் மகன்தான் அதை வாய்விட்டே சொன்னவர். அவருக்கு ரெண்டு பெட்டி அதிரசம் கொடுக்கணும்.”

ராஜா மீசையைத் தடவுகிற சாக்கில் சிரிப்பை மறைத்துக்கொண்டு வாத்தியார் பக்கம் திரும்பினார். “வாத்தியாரே, இந்தப் பந்தல் சத்தத்தில் நீங்கள் சொன்ன பேர் எனக்குச் சரியாகக் காதில் விழலை. இன்னொரு தடவை சொல்லுங்கள்.”

வாத்தியாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “பரிசல்காரர் மகள் வடிவு” என்றார். ஆற்றுக்கு அக்கரையில் கேட்டிருக்கும். முத்தையன் தோளில் போட்ட துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஊர் முழுக்கக் கை தட்டும்போது திவான் மட்டும் சும்மா இருக்க முடியுமா? அவரும் தட்டினார்.

விழா முடிந்தது. ராஜா தன் முத்துமாலையைக் கழற்றித் தாண்டவன் கழுத்தில் போட்டார். போட்ட கையை எடுக்காமல் அப்படியே நின்றார்.

“தாண்டவா, இன்றைக்கு ராத்திரி நீ அரண்மனையில்தான் சாப்பிடணும்.”

“என் பாக்கியம் மகாராஜா.”

“தம்பி மகனுக்கு ஏன் பரிசு இல்லை என்று ராணி கேட்பாள்.”

“கேட்பார்கள்.”

“நீ என் பக்கத்தில் உட்கார்” என்றார் ராஜா. “வலது பக்கத்தில்.”