மேற்குப் பக்கத்து இலைகள்

கலிபோர்னியா கடலோரத்தில் ஒரு குன்று. கோடையிலும் மதியம் தாண்டித்தான் அங்கே மூடுபனி விலகும். அந்தக் குளிரில் சிவப்பு ஒயினுக்குத் திராட்சை வளர்த்தாள் திரவியமேரி, பாளையங்கோட்டைக்காரி. தொழில் கற்க வந்தவர் ஏசுவடியான், அவரும் அந்தப் பக்கம்தான். கம்ப்யூட்டர் வேலையை உதறிவிட்டு ஐம்பத்தெட்டு வயதில் வந்திருந்தார். குருவைவிடப் பதினோரு வயது மூத்த சீடர்! அவர் "குருவே" என்பார். அவள் "அண்ணாச்சி" என்பாள்.

அந்த வருஷம் மூன்று வரிசைக் கொடிகளை அவரிடம் விட்டாள்.

"கிழக்குப் பக்க இலையை மட்டும் கிள்ளுங்க. குலைக்குக் காலை வெளிச்சம் போதும். மேற்கே கை வைக்காதீங்க."

மனுஷருக்குப் பொறுக்கவில்லை. அறுவடைக்குப் பத்து நாள் இருக்கையில் இரண்டு பக்கமும் மொட்டையடித்துவிட்டார். மறுநாளென்று பார்த்துப் பனி வரவில்லை. அடித்த வெயிலில் மேற்குப் பக்கக் குலைகள் சுருங்கிக் கருகிவிட்டன.

விடிந்ததும் பெட்டியும் கையுமாக வந்து நின்றார்.

"நான் கிளம்புதேன், குருவே."

அவள் பெட்டியைப் பார்க்கவே இல்லை.

"எதுக்கு அண்ணாச்சி கிள்ளுனீங்க?"

"பாவமா இருந்துச்சு. எந்நேரமும் பனிக்குள்ள கிடக்கு. கொஞ்சம் வெயில் படட்டுமேன்னுதான்..."

"நானும் பாவம் பாத்துத்தான் அந்த இலையை விட்டுவச்சேன்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் ஒரு கத்தரிக்கோலை அவர் கையில் திணித்தாள். இருவரும் குலை குலையாகக் கருகியதை வெட்டிப் போட்டார்கள். மதியத்துக்குள் மூன்று வரிசையும் முடிந்தது. பாதி மிஞ்சியது.

மிஞ்சியதில் ஒரு பழத்தைப் பறித்து அவரிடம் நீட்டினாள். நல்ல இனிப்பு, உள்ளே லேசான புளிப்பு.

"இது தேறிரும்" என்றாள்.

"பழம் தேறிரும். நான் தேற மாட்டேன். வேற நல்ல ஆளாப் பாத்துக்கங்க, குருவே."

"வருவாங்க. அடுத்த வருஷமே யாராவது வருவாங்க. அவங்களுக்கும் இந்தப் பாவம் தோணும். மேற்கே கையைக் கொண்டுபோவாங்க. அப்போ அந்தக் கையைப் பிடிக்க யாரு இருக்கா?"

"ஏன், நீங்க இருக்கீங்களே."

திரவியமேரி சிரித்துவிட்டாள்.

"நான் சொன்னா நீங்க கேட்டீங்களா, அண்ணாச்சி?"