படகுக்கு வந்த பாலிஷ்

ஏரிப் படகுத்துறையில் ஒரு பழைய ஃபைபர் படகு கிடந்தது. வெயிலில் வெளுத்துப்போய், தொட்டால் கையில் வெள்ளை மாவாக ஒட்டும். அதைத் தேய்த்துப் பளபளப்பாக்க ஒரு டப்பா பாலிஷ் வந்தது. மேலாளர் தணிகாசலம் அதை எடுத்துத் தன் காருக்குப் போட்டுக்கொண்டார். அதைப் பார்த்தவள் துப்புரவு வேலை செய்த பேச்சியம்மா மட்டும்தான்.

ஒருநாள் காலையில் அவர் அவளைக் கூப்பிட்டார்.

"பத்து மணிக்குப் பெரிய அதிகாரி வாராங்க. படகு புதுசு மாதிரி மின்னணும். இல்லேன்னா நாளையிலேருந்து நீ வர வேண்டாம்."

"பாலிஷ் வேணுமே ஐயா."

"அது இல்லாமப் பண்ணு. வேலைன்னா அதுதான் வேலை."

பேச்சியம்மா தலையாட்டினாள். அதிகாரியின் வண்டி வாசலில் நின்றதும் நாலு வாளித் தண்ணீரைப் படகின் மேல் ஊற்றினாள். ஈரத்தில் படகு பளபளத்தது.

"நானே பக்கத்துல நின்னு பாலிஷ் போட வச்சேன், மேடம்" என்று தணிகாசலம் ஆரம்பித்தார். அவர் தன் பெருமையைச் சொல்லி முடிப்பதற்குள் வெயில் ஈரத்தைக் குடித்துவிட்டது. அதிகாரி படகைத் தொட்டார். உள்ளங்கை வெள்ளையானது.

"என்னம்மா போட்டீங்க இதுக்கு?"

"தண்ணிதான், மேடம்" என்றாள் பேச்சியம்மா. "படகுக்கு வந்த பாலிஷை ஐயா காருக்குப் போட்டுட்டாங்க. அதான், கார் கழுவுற தண்ணியை நான் படகுக்கு ஊத்திட்டேன்."

அதிகாரி வெளியே போய்த் தணிகாசலத்தின் காரைத் தடவிப் பார்த்தார். கையில் ஒன்றும் ஒட்டவில்லை.

அன்று பொழுது சாயும்வரை, புது டப்பா வாங்கி வந்து படகைத் தேய்த்தவர் தணிகாசலம். எங்கே இன்னும் அழுத்தித் தேய்க்க வேண்டும் என்று பேச்சியம்மா மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.