அக்கரையை ஒட்டிப் போன படகு

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது பாக்கியத்தக்கா. என் சின்ன மகளுக்குக் கல்யாணம் முடிந்த வருஷம், திருச்செந்தூருக்கு நடந்து போனோம். பாதி வழியில் கால் கொப்புளத்தோடு நான் ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். அப்போது கூட நடந்து வந்த அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்கள்.

வடிவுநாச்சி என்று ஒரு பருத்தி மில்காரம்மா. கங்கையில் யாத்திரை போக, கான்பூரிலேயே தனக்கென்று ஒரு படகு அமர்த்திக்கொண்டாள். கூட, எந்நேரமும் ஈரவேட்டியோடு இருக்கும் ஈரவேட்டிச் சாமியார். அவளைவிட இருபது வயது சின்னவர். ஆனாலும் அவளுக்கு அவர்தான் குரு.

படகு கிளம்பியதுமே கேட்டாள்.

"சாமி, கடவுள் எனக்கு ஒரு குறையும் வைக்கலை. ஆனா நன்றின்னு வாய்தான் சொல்லுது. உள்ளே இருந்து வரமாட்டேங்குது. ஏன்?"

சாமியார் கரையைப் பார்த்துக் கைகூப்பினார்.

கரையில் தோல் பதனிடும் கொட்டகைகள். நாற்றம் தாங்காமல் வடிவுநாச்சி முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"இந்த ஊரில் யாரைத் தெரியும் சாமி உங்களுக்கு?"

"ஒருத்தரையும் தெரியாது."

"பின்னே கும்பிடு யாருக்கு?"

"உங்க செருப்புக்குத் தோல் எங்கிருந்து வந்துதோ, யாருக்குத் தெரியும்?"

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

சில நாளில் பிரயாகை வந்தது. சாமியார் மறுபடி கைகூப்பினார்.

"இங்கேயும் யாரையும் தெரியாதாக்கும்?"

"தெரியாது. காலையில் தின்ன கொய்யா நல்லா இருந்துதே அம்மா. எந்த வீட்டு மரமோ!"

வடிவுநாச்சிக்குச் சிரிப்பு வந்தது. தானும் ஒரு கும்பிடு போட்டாள். போட்டாளே தவிர, உள்ளே ஒன்றும் அசையவில்லை.

அடுத்தது காசி.

தூரத்தில் கோபுரங்கள் தெரிந்ததும் படகோட்டி ராம்தீனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, அக்கரையை ஒட்டிப் போ. இங்கே நிறுத்த வேண்டாம்."

நம் ஊர் யாத்திரைக்காரர்களை ஏற்றி ஏற்றித் தமிழ் பழகியவன் ராம்தீன். துடுப்பைப் போட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தான்.

"அம்மா, சாகறதுக்குள்ள ஒரு தடவையாவது காசியைப் பார்க்கணும்னு வர்றவங்களைத்தான் ஏத்திருக்கேன். காசிக்குப் பயந்து ஓடுற ஆளு நீங்கதான் முதல்!"

"சொன்னதைச் செய்யப்பா."

படகு மணல்திட்டுப் பக்கமாக ஒதுங்கியது. இந்தப் பக்கம் வீடில்லை, ஆளில்லை. அந்தப் பக்கம் படித்துறை படித்துறையாக ஊர் நகர்ந்தது. மணிச்சத்தம் தண்ணீர் மேல் வந்தது.

சாமியார் கைகூப்பவில்லை. மடியில் கையை வைத்துச் சும்மா இருந்தார்.

வடிவுநாச்சியால் பொறுக்க முடியவில்லை.

"நாத்தம் பிடிச்ச ஊருக்கெல்லாம் கும்பிடு. காசிக்கு இல்லையா?"

"இங்கே உங்களுக்கு யாரையாவது தெரியுமா அம்மா?"

அவள் தண்ணீரைப் பார்த்தாள்.

"எங்க அக்கா இருக்கா. அனுமார் படித்துறைக்குப் பின்னால். ஊர் பேர் தெரியாத ஒரு வடக்கத்தி ஆளை நாப்பது வயசில் கட்டிக்கிட்டு வந்துட்டா. எங்களுக்குத் தலைகுனிவு. பதினெட்டு வருஷமாச்சு பேசி."

"அதுவரைக்கும் ஏன் கட்டலையாம்?"

வடிவுநாச்சி படித்துறைகளைப் பார்த்தபடி சொன்னாள்.

"எனக்கு நாலு வயசில் அம்மா போயிட்டா. அவதான் எனக்குத் தலை பின்னி, சோறு ஊட்டி..."

அவள் கை தானாகப் பின்னந்தலைக்குப் போயிருந்தது.

சாமியார் சொன்னார்.

"அந்த ரெண்டு ஊரிலும் எனக்கு ஆள் தெரியாது. பொதுவா ஒரு கும்பிடு போட்டேன். இங்கே உங்களுக்கு ஆள் தெரியும். உங்க கும்பிடை நான் போட முடியுமா?"

காசியின் கடைசிப் படித்துறைகள் நகர்ந்துகொண்டிருந்தன.

வடிவுநாச்சி எழுந்தாள். படகு ஆடியது. கண் நிறைந்து, ஊர் முழுக்க ஒரே வெளிச்சமாகத் தெரிந்தது.

"தம்பி ராம்தீன், திருப்பு."

"எதிர்த் தண்ணி அம்மா. கஷ்டம்."

அவள் உட்கார்ந்து இன்னொரு துடுப்பை எடுத்தாள்.

உங்களுக்கும் அப்படி ஒரு ஊர் இருந்தால், அடுத்த தடவை பஸ் அங்கே நிற்கும்போது இறங்குங்கள்.