மீன்பிடிப் பூனையும் கோரை மறைப்பும்

காயலோரத்தில் காட்டு விலங்குகளுக்கான சிகிச்சை மையம் ஒன்று இருந்தது. அங்கே குரு டாக்டர் ரெஜினா. சீடராக வந்து சேர்ந்தவர் டாக்டர் மகுடபதி. சீடருக்கு வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. குரு அவரைவிடப் பத்து வயது இளையவர். இதில் சீடருக்கு ஒரு வருத்தமும் இல்லை. தன்னைக் கண்டதும் அவர் எழுந்து நிற்கும்போதெல்லாம் குருவுக்குத்தான் கூச்சமாக இருந்தது.

மகுடபதி அதுவரை கோழிப் பண்ணைகளில் மருத்துவராக இருந்தவர். பண்ணையில் ஒரு வழக்கம் உண்டு. சந்தேகம் வந்தால் ரத்தம் எடுக்க வேண்டும். சந்தேகம் தீர்ந்தால், நிஜமாகவே தீர்ந்ததா என்று பார்க்க மறுபடியும் எடுக்க வேண்டும். ஒரு கொட்டகைக்குள் பெரிய நோய் புகுந்துவிட்டால் கோழிகளைக் கொன்று மொத்தக் கொட்டகையையும் அழித்துவிடுவார்கள். அப்படிப் பல கொட்டகைகளை நின்று அழித்துவிட்டு, ஒரு நாள் மனம் வெறுத்து வேலையை விட்டார்.

“ஒரு உசுரையாவது காப்பாத்திப் பாக்கோணும்னு வந்திருக்கறனுங்க” என்றார், வந்த அன்று. ரெஜினா வேறெதுவும் கேட்காமல் அவரைச் சேர்த்துக்கொண்டார்.

அந்த ஒரு உயிர் ஐப்பசி மழையில் வந்தது. பெண் மீன்பிடிப் பூனை. வீட்டுப் பூனையைப் போல இரண்டு மடங்கு இருக்கும். உடம்பெல்லாம் கரும்புள்ளி. தண்ணீருக்குள் பாய்ந்து மீன் பிடித்துத் தின்னும் காட்டுப் பூனை. ஒரு காலத்தில் அந்தக் காயல் நெடுக இருந்த இனம். கோரைக் காடு சுருங்கிய பிறகு, இருக்கிறதா இல்லையா என்று பேசிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டது. அந்த வருடம் கோரைக்குள் வைத்திருந்த கேமராக்களில் சிக்கிய பெண் பூனை இது ஒன்றுதான்.

அதற்கு வீட்டுப் பூனைகளிடமிருந்து தொற்றிய வைரஸ். பொல்லாத வைரஸ். உடம்புக்காகச் சண்டை போட வேண்டிய வெள்ளை அணுக்களையே அது காலி செய்துவிடும். அதைக் கொல்ல மருந்து கிடையாது. குளுக்கோஸ் ஏற்றலாம், வேறு கிருமி தொற்றாமல் ஊசி போடலாம். உடம்பு தானாக எழுந்து நிற்கும்வரை தாங்கிப் பிடிக்கலாம்.

தாங்கிப் பிடித்தார்கள். வாந்தி நின்றது. பேதி நின்றது. காய்ச்சலும் இறங்கியது. ஆனால் பூனை எதையும் சாப்பிடவில்லை. வெள்ளை அணுக்களும் ஏறவில்லை.

மகுடபதி தினமும் காலையில் கூண்டின் பக்கத் தட்டியைத் தள்ளி நெருக்குவார். பூனை நசுங்கினாற்போல் அசையாமல் ஆனதும் காலில் ரத்தம் எடுப்பார். மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். முகம் தொங்கிப்போகும். சாயங்காலத்துக்குள் ஏறியிருக்காதா என்ற நப்பாசையில் மறுபடி போய்க் கூண்டை நெருக்குவார். பூனை முதலில் சீறிக்கொண்டிருந்தது. பிறகு சீறுவதையும் விட்டுவிட்டது.

கடைசியில் குருவிடம் வந்து நின்றார்.

“டாக்டர், நாம செய்யறதெல்லாம் சரியாத்தானுங்க இருக்குது. காய்ச்சலும் போயிருச்சு. அப்பறம் ஏனுங்க எதிர்ப்பு சக்தி வரமாட்டேங்குது?”

“சாப்ட்டீங்களா சார்?”

“இல்லீங்க.”

“உக்காருங்க. சாப்பிட்டுக்கிட்டே பேசுவோம்.”

சோறும் மீன் குழம்பும் போட்டுத் தட்டை முன்னால் வைத்தார். மகுடபதி சோற்றைப் பிசைந்தார். ரெஜினா நாற்காலியை எதிரில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவருடைய இடது கையைப் பிடித்து நாடி பார்க்கத் தொடங்கினார்.

முதல் வாய் உள்ளே போனது.

“விழுங்கிட்டீங்களா?”

“ம்.”

“வாயைத் திறங்க, பாப்போம்.” டார்ச் அடித்துப் பார்த்தார்.

மகுடபதி ஒன்றும் புரியாமல் அடுத்த வாயைப் போட்டுக்கொண்டார்.

“இது உள்ள இறங்குதா? நெஞ்சுலயே நிக்குதா?” என்று கேட்டு, ஸ்டெதஸ்கோப்பை எடுத்து அவர் வயிற்றில் வைத்தார். கண்ணை அவர் முகத்திலிருந்து எடுக்கவே இல்லை.

அதற்கடுத்த வாய் கையிலேயே நின்றுவிட்டது.

“ஏன் சார் நிறுத்திட்டீங்க?”

“இப்படிப் பாத்துக்கிட்டே இருந்தா எப்படீங்க சோறு எறங்கும்?”

ரெஜினா ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். மகுடபதி தட்டையும், வெளியே தெரிந்த பூனைக் கூண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து போய்க் கையைக் கழுவினார்.

அன்று இருவரும் காயலில் இறங்கிக் கோரை அறுத்தார்கள். பெரிய அடைப்பு ஒன்றைச் சுற்றி ஆளுயரத்துக்குக் கோரையால் மறைப்புக் கட்டினார்கள். உள்ளே ஒரு மூலையில் பூனை பதுங்கிக்கொள்ள அடர்த்தியாகக் கோரையைக் குவித்தார்கள். இன்னொரு மூலையில் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, உயிருள்ள ஜிலேபி மீன்களை விட்டார்கள். பூனையை அதற்குள் திறந்துவிட்டார்கள். அது தள்ளாடிப் போய்க் கோரைக்குள் மறைந்தது. நெருக்குகிற கூண்டை ரெஜினா ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டினார்.

“ஊசி போட வேண்டாமுங்களா?”

“போட வேண்டியதெல்லாம் போட்டாச்சு.”

“ரத்தம்?”

“வேண்டாம்.”

“எட்டியாவது பாக்கலாமுங்களா?”

“வேண்டாம் சார்.”

“உள்ள செத்துக் கெடந்தா நமக்கு எப்படீங்க தெரியும்?”

ரெஜினா பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

“எனக்கும் பயமாத்தான் இருக்கு சார்” என்றார். “அந்தப் பயம் வெளியிலயே நம்மகிட்ட இருக்கட்டும். உள்ள கொண்டு போக வேண்டாம்.”

சும்மா இருப்பது இவ்வளவு பெரிய வேலை என்று மகுடபதிக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. துடைத்த மைக்ராஸ்கோப்பையே மறுபடி துடைத்தார். மறைப்பின் மேல் உட்கார்ந்த காக்கையைத் திட்டினார். சத்தமாகத் திட்டிவிட்டோமோ என்று அதற்கும் சேர்த்து வருத்தப்பட்டார். சோறு சரியாக இறங்கவில்லை.

ஒரு தடவை அவரையும் மீறி மறைப்பருகே போய்விட்டார். இரண்டு கோரையை விலக்கினால் போதும். கை நீண்டுவிட்டது. அப்போது பழைய கொட்டகைகள் ஞாபகத்துக்கு வந்தன. அங்கே அவர் எதையும் பார்க்காமல் விட்டதில்லை; எதையும் காப்பாற்றியதும் இல்லை. கையை இழுத்துக்கொண்டு திரும்பி நடந்தார்.

மழை விட்டிருந்த ஒரு மதியம், மறைப்புக்குள்ளிருந்து சளக்கென்று தண்ணீர்ச் சத்தம் கேட்டது. மீன் துள்ளினாலும் அப்படித்தான் கேட்கும். மகுடபதி நின்ற இடத்திலேயே மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். சற்றுக் கழித்து, முள்ளோடு சேர்த்து நறுக் நறுக்கென்று எதையோ கடிக்கிற சத்தம். அது மீன் எழுப்புகிற சத்தம் இல்லை.

செருப்பை அங்கேயே விட்டுவிட்டு ஓடினார். ரெஜினா அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார்.

“டாக்டர்! பிடிச்சிருச்சுங்க! தானே பிடிச்சுத் திங்குதுங்க!”

சொல்லும்போதே கண்ணில் நீர் வழிந்தது. கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றாமல் நின்றார். ரெஜினாவுக்கும் கண் கலங்கியது. அதை மறைக்க அவர் முயலவில்லை.

“இப்ப வெள்ளை அணு நல்லா ஏறியிருக்குமுங்க” என்றார் மகுடபதி. “ஒரே ஒரு தடவை. ஒரு சொட்டு ரத்தம் மட்டும் எடுத்துப் பாத்துக்கட்டுங்களா?”

ரெஜினா இன்னொரு தட்டை எடுத்து வைத்துச் சோறு போட்டார். குழம்பு ஊற்றினார். பெரிய துண்டாகப் பார்த்து ஒரு மீனை எடுத்து வைத்தார். பிறகு தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஜன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

“சாப்பிடுங்க சார்” என்றார். “நான் பாக்கல.”