பெயர் வேண்டாத செய்தி

வாழைத்தார் கண்காட்சிச் செய்திக்குக்கூட, "என் பேர் எங்க?" என்று ஆபீசையே இரண்டாக்குகிற நிருபர் சுடலைமுத்து, அன்றைக்குச் சாயங்காலம் ஆசிரியர் மங்கையர்க்கரசியின் மேசைமுன் வேர்த்து விறுவிறுத்து நின்றான்.

"அக்கா, குவாரிச் செய்தியில என் பேர எடுத்துருங்க."

மங்கையர்க்கரசி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஏன், எழுத்து சின்னதா இருக்கோ?"

"வெளையாடாதீங்கக்கா. குவாரிக்காரன்ட்டருந்து போன் வந்துச்சு." கல்யாணத்துக்குக் கூப்பிடுகிற மாதிரி அத்தனை பவ்யமாக அந்தக் குரலை அப்படியே எடுத்துவிட்டான்: "'தம்பி, நாளைக்குப் பேப்பர்ல பேரப் பாத்துட்டு வீட்டுக்கு வாரோம். பாப்பா நல்லாருக்காளா?'ங்கான்."



"செய்தியில பொய் இருக்கா?"

"ஒரு எழுத்து பொய்யில்ல. 'நமது நிருபர்'னு போட்டுருங்க. பாதிச் செய்தி அப்படித்தான வருது?"

"சரி."

அவ்வளவுதான். கணினியில் அவன் பெயர் காணாமல் போனது. வழியெல்லாம் ஒத்திகை பார்த்துவந்த வாதங்கள் வீண். ஆனாலும் சுடலைக்கு மூச்சு வந்தது.

ஆசிரியர் செய்தியைப் படித்துக்கொண்டே போனார்.

"வெடி வச்சதுலதான் பள்ளிக்கூடச் சுவர் விழுந்துச்சு, என் கண்ணால பாத்தேன்னு ஒரு அம்மா சொல்லுதாங்களே. பேச்சியம்மாள், குவாரி வாசல்ல டீக்கடை. இவங்க பேர என்ன செய்ய?"

"ஐயோ, அது இருக்கணும்க்கா! பேர் இல்லாட்டி எவன் நம்புவான்? தாராளமாப் போடுன்னு அவங்களேதான் சொன்னாங்க."

"பயப்படலியா?"

"பயந்தாங்க. பெறகு கேட்டாங்க..." சுடலையின் குரல் இறங்கியது. "'நீயும் பேர் போட்டுத்தான எழுதுத?'ன்னு."

மங்கையர்க்கரசி மேசைப் போனில் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு அவன் பக்கம் நகர்த்தினார்.

"பக்கம் அச்சுக்குப் போகுமுன்ன அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிரு. எம்பேரு வரல, உங்க பேரு மட்டும் வருதுன்னு."

மணி அடித்தது. கண்ணாடித் தம்ளர்கள் உரசும் சத்தம்.

"அலோ, டீக்கடை. யாருய்யா பேசுதது?"

சுடலை போனை ஆசிரியர் பக்கமே திரும்ப நகர்த்தினான்.

"அலோ! யாருன்னு சொல்லுங்களேன்!"

மங்கையர்க்கரசி அவனையே பார்த்தார்.

"கேக்காங்கள்ல? சொல்லு."